மலாக்காவின் தண்டவாளம் எங்கே போனது?

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் மலாக்காவுக்கு வர நினைப்பவர்கள் பூலாவ் செபாங்/தம்பின் நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து நகரத்துக்கு பஸ் அல்லது கார்தான். விடுமுறைக்கு வீடு திரும்பும் மலாக்கா மாணவர்கள் எல்லாருக்கும் அந்த நிலையத்து நாற்காலிகள் பழக்கம். உலகப் பாரம்பரிய நகரம், நாள்தோறும் சுற்றுப்பயணிகள், ஆனால் நகரத்துக்குள் ரயில் இல்லை. மலாக்காவுக்கு ரயில் வந்ததே இல்லை என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன்.

வந்தது. 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய அந்தக் காலத்தில் பால்மரச் சரக்கும் ஆட்களும் அதில் போய் வந்தார்கள். பிறகு ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைக் கழற்றி, சயாம்-பர்மா ரயில்பாதைக்காகக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பின் யாரும் அதை மீண்டும் போடவில்லை.

இந்தப் பருவத்தில் நான் எடுத்த ஒரு பாடத்தில் ஃபாசிச ஆட்சிகளின் கலையும் கட்டடமும் என்று ஒரு பகுதி வந்தது. திரையில் பெர்லின், ரோம், நூரம்பர்க் என்று வெள்ளைக் கல் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பூலாவ் செபாங் நிலையம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைக் கல் கட்டடங்கள்.

ஹிட்லர் இளமையில் ஓவியக் கல்லூரியில் சேர முயன்று தோற்றவர். அதிகாரத்துக்கு வந்த பிறகு ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அரசாங்கமே முடிவு செய்தது. 1937 ஜூலை 18-ஆம் தேதி மூனிக் நகரில் ஜெர்மானியக் கலை இல்லம் என்ற புதிய கட்டடத்தில் ஒரு பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. உழவர்கள், தாய்மார்கள், கட்டுடல் வீரர்கள் என்று 'ஆரோக்கியமான' படங்கள் அங்கே தொங்கின. மறுநாளே பக்கத்தில் இன்னொரு கண்காட்சி. 'சீரழிந்த கலை' என்பது அதன் பெயர். அருங்காட்சியகங்களில் பறிமுதல் செய்த ஏறத்தாழ 650 நவீனப் படைப்புகளைக் கோணல்மாணலாக மாட்டி, கேலி வாசகங்களைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். மக்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் அரசாங்கம் மெச்சிய கண்காட்சியைவிட அது வெறுத்த கண்காட்சிக்குத்தான் பல மடங்கு கூட்டம், இருபது லட்சம் பேர் வந்தார்கள். சிரிக்க வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

எமில் நோல்டே என்ற ஓவியர் நாஜிக் கட்சியின் உறுப்பினர். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளையும் பறிமுதல் செய்தார்கள். வேறு எந்த ஓவியரிடமிருந்தும் அவ்வளவு எடுக்கவில்லை. கட்சி விசுவாசம் அவரைக் காப்பாற்றவில்லை.

கட்டடங்களுக்கு வருவோம். பெர்லினை இடித்துவிட்டுப் புதிய தலைநகரம் எழுப்புவது ஹிட்லரின் கனவு. அவருடைய கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பீயர் வரைந்த மண்டபம் ஏறத்தாழ 290 மீட்டர் உயரம். 1,80,000 பேர் உள்ளே நிற்கலாம் என்று கணக்கு. பெர்லின் மண் இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று சோதிக்க 1941-இல் 12,650 டன் எடையுள்ள ஒரு காங்கிரீட் உருளையைக் கட்டினார்கள். மூன்றாண்டுகளுக்குள் அது 19 சென்டிமீட்டர் வரை இறங்கிவிட்டது. மண்டபம் எழவே இல்லை. உருளை மட்டும் இன்றும் பெர்லினில் நிற்கிறது. அந்தக் கனவு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான். எந்த அலங்காரமும் இல்லாமல் உண்மையைச் சொல்கிறது.

ஸ்பீயர் இன்னொன்றும் சொன்னார். கட்டடம் ஆயிரம் ஆண்டு கழித்து இடிந்தாலும் ரோமானியச் சிதிலம்போல அழகாகத் தெரிய வேண்டும், அதனால் இயற்கைக் கல்லில் கட்ட வேண்டும் என்றார். ஹிட்லருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. ஆனால் அவ்வளவு கல்லுக்கு எங்கே போவது? 1938-இல் எஸ்.எஸ். படை தானே ஒரு கல் நிறுவனத்தைத் தொடங்கியது. ஃப்ளோசன்பூர்க், மௌட்ஹவுசன் ஆகிய சித்திரவதை முகாம்களைக் கருங்கல் குவாரிகளை ஒட்டி அமைத்தார்கள். மௌட்ஹவுசன் குவாரியிலிருந்து மேலே ஏற 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லைச் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறினார்கள், விழுந்தார்கள், செத்தார்கள். அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள்.

பாடத்தில் இந்த இடம் வந்த பிறகு எனக்குத் தூண்களின் அழகைப் பற்றிய விவாதத்தில் நாட்டம் போய்விட்டது. எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் இரண்டு கேள்விகள் மட்டும் மனத்தில் நின்றன. இந்தக் கல்லை உடைத்தது யார்? அதன்மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது?

மலாக்காவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஆ ஃபமோசா கோட்டையைப் போர்த்துகீசியர் கட்டியபோது பள்ளிவாசல் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். பிறர் கல்லில் தன் பெயரை எழுதுவதை ஃபாசிசம் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பெரிய அளவில், கணக்குப் புத்தகம் வைத்து, ஒரு தொழிற்சாலைபோல நடத்தியதுதான் அதன் புதுமை.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஜப்பானியப் பேரரசை ஃபாசிசம் என்று சொல்லலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. முசோலினியைப் போன்ற ஒரு தலைவனோ ஒரே கட்சியோ அங்கே அதே வடிவில் இல்லை. ஆனால் 1940 செப்டம்பரில் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட இராணுவ அரசு அது. பெயர் எதுவானாலும் கல்லிலும் வண்ணத்திலும் அது செய்த வேலை ஒரே மாதிரிதான் இருந்தது.

அதே 1940-இல் ஜப்பானின் மியாசாக்கி நகரில் ஒரு பெரிய கல் கோபுரம் எழுந்தது. உலகின் எட்டு மூலைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவோம் என்ற பொருள்படும் முழக்கம் அதன் முகப்பில் செதுக்கப்பட்டது. சீனா, கொரியா, தைவான் என்று படைகள் போன இடங்களிலிருந்தெல்லாம் கற்கள் அனுப்பப்பட்டு அடித்தளத்தில் பதிக்கப்பட்டன. போரில் தோற்றதும் அந்த எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். 1965-இல் திரும்ப வைத்தார்கள். இப்போது அதன் பெயர் அமைதிக் கோபுரம்.

1942-இல் கென்சோ தாங்கே என்ற இளம் கட்டடக் கலைஞர், கிழக்காசியக் கூட்டுவாழ்வு மண்டலத்துக்கு ஃபூஜி மலையடியில் ஒரு மாபெரும் நினைவிடம் வரைந்து போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அது கட்டப்படவில்லை. போருக்குப் பின் ஹிரோஷிமா அமைதி நினைவுப் பூங்காவை வடிவமைத்தவரும் அவர்தான். சிங்கப்பூருக்குப் போகும்போது நாம் அண்ணாந்து பார்க்கும் யூஓபி பிளாசாவும் அவர் கைவண்ணம். இதை வைத்து அவரைத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரே கை இரண்டையும் வரைய முடியும் என்பது கட்டடக் கலை படிக்கப்போகும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலாயாவைப் பற்றியே ஓவியங்கள் உண்டு. பாரிஸில் புகழ்பெற்ற ஃபுஜித்தா சுகுஹாரு என்ற ஓவியர் 1942-இல் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமா குன்றிலிருந்து நகரம் எரிவதைப் பார்க்கும் ஜப்பானிய வீரர்களை வரைந்தார். மியாமோத்தோ சபுரோ என்பவர், ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் யமாஷித்தாவும் ஜெனரல் பெர்சிவலும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்த 1942 பிப்ரவரி 15-ஐ வரைந்தார். படிவம் நான்கு வரலாற்றில் நாம் படிக்கும் சரணடைவுதான் அது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட போர் ஓவியங்களைக் கைப்பற்றிக் கொண்டுபோய், 1970-இல் 153 படைப்புகளைக் காலவரையறை இல்லாத கடனாக ஜப்பானிடம் ஒப்படைத்தார்கள். இப்போது அவை தோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இணையத்தில் அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரைந்தவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. யமாஷித்தா மேசையில் கை ஊன்றி அமர்ந்திருக்கும் தோரணையிலேயே தோற்றவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் மலாயாவில் வாழ்ந்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை. ஒரு பேரரசு இன்னொரு பேரரசிடம் வீட்டுச் சாவியை வாங்கும் காட்சி அது. வீட்டில் இருப்பவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

சிங்கப்பூரில் கட்டடங்களும் எழுந்தன. புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் போரில் இறந்த ஜப்பானிய வீரர்களுக்காக 1942-இல் ஓர் உயரமான மரத் தூண் நிறுத்தப்பட்டது. கட்டியவர்கள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள். தூணின் பின்னால் தங்கள் தோழர்களுக்காக ஒரு சிலுவை வைக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்கு அருகே கட்டிய ஷிந்தோ ஆலயத்துக்கும் போர்க்கைதிகள்தான் ஆள். 1945-இல் தோல்வி உறுதியானதும் பிரிட்டிஷார் கையில் பட்டுவிடக் கூடாது என்று ஜப்பானியர் தாங்களே அந்த ஆலயத்தை அழித்தார்கள். குன்றின்மேல் இருந்த தூணும் சிலுவையும் போய்விட்டன. ஏறிப்போகும் படிக்கட்டு மட்டும் மிச்சம். அதன் முடிவில் இப்போது தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது.

மலாக்கா 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியர் கைக்கு வந்தது. இங்கே அவர்கள் கோபுரம் கட்டினார்களா என்று தேடிப் பயனில்லை. இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தையும் ஆட்களையும்.

சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங்குக்கு அருகே தொடங்கி மலைக்காடு வழியாக பர்மாவின் தன்பியூசாயாட் வரை போனது. 1942 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பல ஆண்டுகள் பிடிக்கும் என்று பொறியியலாளர்கள் எண்ணியதை ஒன்றேகால் ஆண்டு சொச்சத்தில் முடித்தார்கள். எப்படி முடிந்தது என்பதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கும் மேல், அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மை தோட்டத் தமிழர்கள்.

தோட்டங்களில் அப்போது வேலை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, சாப்பாடு, இருப்பிடம் என்று அறிவிப்பு வந்தது. சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவியதும் நம்பிக்கை போய்விட்டது. அதன் பிறகு கிராணியிடமும் கங்காணியிடமும் ஆள் கணக்குக் கேட்டார்கள். லயத்தில் இளைஞர்களைப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவைச் சாத்தி அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்துப் பான் போங் வரை கொண்டுபோய், அதற்குமேல் காட்டில் நடக்கவைத்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. முகாம் முகாமாக மனிதர்கள் சரிந்தார்கள்.

என் பாட்டியின் பெரியப்பா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போனவர். பாட்டி பிறப்பதற்கு முன்பே நடந்தது. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. 'சயாமுக்குப் போயிட்டாரு' என்பார்கள். அவர் போன தேதி தெரியாது, இறந்த இடம் தெரியாது. திவசம் கொடுக்க நாள் இல்லாததால் ஆடி அமாவாசையில் சேர்த்துக் கும்பிடுவது வழக்கம்.

ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்கைதிகள் ஓர் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது. யார் எந்த முகாமில் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பர் இறுதியிலேயே ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகப் பயணம் செய்து 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயாட் ஆகிய மூன்று இடங்களில் இன்று புல்வெளியும் பூச்செடியுமாக இருக்கும் போர்க் கல்லறைகள் அப்படி வந்தவை. கல்லுக்குக் கல் பெயர், வயது, படைப்பிரிவு.

தோட்டத்துத் தொழிலாளிக்கு அதிகாரி இல்லை. பட்டியல் இருந்திருந்தால் அது ஆளைக் கூட்டிப்போனவர்களிடம்தான் இருந்திருக்கும். காலராவில் இறந்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள் அல்லது எரித்தார்கள். 1990-இல்கூட காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வந்தன.

இந்த இடத்தில்தான் அந்தக் கட்டடம் வருகிறது. பாடத்தில் யாரும் காட்டாத ஃபாசிசக் கால நினைவுச் சின்னம்.

காஞ்சனபுரியில் பாலத்துக்குச் சற்று தள்ளி தாமக்காம் என்ற இடத்தில் ஒரு தூபி நிற்கிறது. ஜப்பானிய இராணுவத்தின் ரயில்வே பிரிவு 1944-இல் கட்டியது. பாதை முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, போரும் முடியவில்லை. பாதை வேலையில் இறந்தவர்களுக்கு அஞ்சலி என்று பல மொழிகளில் கல்வெட்டுகள் பதித்தார்கள். அந்த மொழிகளில் ஒன்று தமிழ்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான் வந்தது. சோறும் மருந்தும் கொடுக்காமல் சாகவிட்ட அதே படை, செத்தவர்களின் மொழியில் கல்வெட்டு வைக்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அந்த மனிதர்கள் தமிழர்கள் என்பது தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. கட்டச் சொன்ன அதிகாரிகளில் யாருக்காவது உண்மையிலேயே மனம் உறுத்தியிருக்கலாம், அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் கல்வெட்டில் மொழி இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. 'இறந்தவர்கள்' என்ற பன்மைக்குள் என் பாட்டியின் பெரியப்பா எங்கேயோ இருக்கிறார்.

இது ஜப்பானியருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ உள்நாட்டுப் போரில் வென்றதும் 1940-இல் மாட்ரிட் அருகே மலையைக் குடைந்து ஒரு தேவாலயமும் அதன்மேல் 150 மீட்டர் உயரச் சிலுவையும் கட்டத் தொடங்கினார். வேலையில் அரசியல் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டார்கள். 1959-இல் திறந்தபோது, இரு தரப்பு மாண்டவர்களுக்கும் பொதுவான இடம் என்று சொல்லி, தோற்ற தரப்பினரின் எலும்புகளையும் குடும்பத்தாரைக் கேட்காமலே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். 33,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். நடுவில் ஃபிராங்கோவின் கல்லறை. 2019 அக்டோபரில் அவருடைய உடலை வெளியே எடுத்தார்கள். மற்ற எலும்புகளுக்குள் தங்கள் தாத்தாவை அடையாளம் காணக் குடும்பங்கள் இன்னும் மரபணுச் சோதனைக்காகக் காத்திருக்கின்றன. கொன்றவன் கட்டும் நினைவிடத்தில் இறந்தவர்களும் செங்கல்போல ஒரு கட்டுமானப் பொருள்தான்.

ரயில்பாதையின் பிற சின்னங்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1943 திறப்பு விழாவில் ஓடிய சி5631 என்ற நீராவி எஞ்சின் இப்போது தோக்கியோ யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியகத்தில், பளபளவென்று கறுப்பு வண்ணம் பூசி, நுழைந்ததும் கண்ணில் படும்படி நிற்கிறது. காஞ்சனபுரியின் இரும்புப் பாலம் ஜாவாவிலிருந்து கழற்றி வந்த துண்டுகளால் ஆனது. இன்று அதன்மேல் சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் பிரிட்டிஷ் கைதிகளின் மானத்தைப் பற்றிப் பேசியது. அதைப் படமாக்கியது இலங்கையின் கித்துல்கலவில். தோட்டத் தமிழர்களின் கதை அதில் இல்லை. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, பாலத்துக்குப் பெயர் இருக்கிறது.

நம் எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இந்த அனுபவத்தை எழுதிவைத்தன. இரண்டாவது நாவலின் தலைப்பையே பாருங்கள். கல்லில் கிடைக்காததைக் காகிதத்தில் கட்டியிருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் இலக்கியம் படிக்காதவர்கள்கூட நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

ஜப்பானியர் கால மலாயாத் தமிழர் என்றால் இன்னொரு நினைவுச் சின்னத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்தார்கள், பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படையில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலை 8-ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் முதல் வேலையாக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. ஜப்பானியரின் நிழலில் நின்ற படைக்கு எழுந்த சின்னம் அது என்பதால் இதைப் பற்றிப் பேசுவது சங்கடமான காரியம். ஒரே லயத்தில் அண்ணன் சயாமுக்கும் தம்பி போஸின் படைக்கும் போயிருக்கலாம். ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னொருவனுக்குத் துணை. இதைக் கறுப்பு வெள்ளையாகச் சொல்லும் எந்தப் பாடநூலையும் நான் நம்பமாட்டேன்.

மலாக்காவில் என்ன இருக்கிறது? புக்கிட் சீனா அடிவாரத்தில், போ சான் தெங் கோயிலுக்குப் பக்கத்தில், ஜப்பானியரால் கொல்லப்பட்ட சீனர்களுக்கு 1948-இல் எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. போர் முடிந்த மூன்றே ஆண்டில் அந்தச் சமூகம் அதைச் செய்துவிட்டது. சயாமுக்குப் போன தோட்டத் தமிழருக்கு அதுபோல ஒன்றை நான் மலாக்காவில் பார்த்ததில்லை. டச்சுச் சதுக்கத்தில் உள்ள தான் பெங் சுவி மணிக்கூண்டு 1886-இல் கட்டியது. 1982-இல் அதன் இங்கிலாந்துக் கடிகாரத்தை எடுத்துவிட்டு ஜப்பானிய சீக்கோ கடிகாரத்தைப் பொருத்தியபோது ஊரில் முதியவர்கள் கொதித்துப்போனார்களாம். வெறும் கடிகாரத்துக்கா இவ்வளவு கோபம் என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருப்பேன்.

தோட்டங்களில் நிலைமை நமக்குத் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயம் இடிந்தால் யார் வீட்டிலிருந்து யார் போனார் என்று சொல்ல ஆள் இல்லை. கோயில் மட்டும் சில இடங்களில் மிஞ்சுகிறது.

காஞ்சனபுரியில் தாவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயிலில், பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்கள் பல ஆயிரம் பேரின் எலும்புகளை வைத்துக் கட்டிய ஒரு தூபி உண்டு. 2023-இல் அந்தக் கோயில் வளாகத்தில் நம் மலேசியத் தமிழர்களின் முயற்சியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நினைவு மண்டபம், தூண், சிலை என்று எத்தனையோ வடிவங்கள் இருக்க, நடுகல்லைத் தேர்ந்ததை நான் நெடுநேரம் யோசித்தேன். தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்கிறார்கள். ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரை ஊரார் தமிழ் பிராமியில் வெட்டிவைத்திருக்கிறார்கள். உயரம் ஓர் ஆள் அளவுகூட இல்லை. அரசன் கட்டியதில்லை, ஊர் நட்டது. 290 மீட்டர் மண்டபத்துக்கு நேர் எதிரான கட்டடக் கலை அது.

காஞ்சனபுரி நடுகல்லிலும் தனிப்பெயர்களை வெட்ட வழியில்லை, பட்டியலே இல்லையே. ஆனால் பட்டியலில் சில வரிகளை எழுதும் நிலையில் இருப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். சென்ற மாதம் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பெரியப்பாவின் பெயர், அவர் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எந்த லயம், கூடப் போனவர்களில் அவருக்கு நினைவிருக்கும் மூவரின் பெயர்கள். நான்காவது ஒருவரும் இருந்தார் என்றார். பெயர் வரவில்லை. 'கோயில் திருவிழாவுல உறுமி அடிப்பாராம்' என்று மட்டும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை கோலாலம்பூருக்குத் திரும்ப மலாக்காவிலிருந்து பஸ் ஏறி, அலோர் காஜா வழியாகப் பூலாவ் செபாங் போய்ச் சேர நேரமாகிவிட்டது. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.